அப்டேட் போடலாமா, வேண்டாமா?

"அப்டேட் கேக்குது சார், போடலாமா?" நெரவி கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இப்போது கேட்பது இதைத்தான். முன்பெல்லாம் சர்க்கரை எவ்வளவு, பையன் எந்த ஊரில் என்று கேட்பார்கள். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் இருபத்தைந்து வருஷம் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை.

இதில் நம் வயதுக்காரர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, திரையில் எது வந்தாலும் 'ஓகே' அழுத்திவிடும். மற்றது, எது வந்தாலும் தொடாது. மூன்று வருஷமாக ஒரு அப்டேட்டும் போடாத போனைப் பெருமையோடு காட்டுகிற நண்பர் எனக்கு உண்டு. நான் இரண்டிலும் இல்லை. அப்டேட் போடத்தான் வேண்டும். ஆனால் போடச் சொல்கிறவனுக்குச் சில கடமைகள் உண்டு. அந்தக் கடமைகளை முப்பது வருஷத்துக்கு முன்பு சம்பளமே வாங்காத சிலர் ஒழுங்காகச் செய்தார்கள். இன்று கோடி கோடியாகச் சம்பாதிக்கிற கம்பெனிகள் செய்வதில்லை. இதுதான் என் கட்சி.

யார் அந்தச் சிலர் என்று சொல்ல வேண்டுமானால் 1993க்குப் போக வேண்டும். லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள் இருப்பது லினக்ஸ்தான். தெரியாமலே பத்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள்.

கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. தமிழில் உட்கரு எனலாம். பெரிய பண்ணையில் கணக்குப்பிள்ளை இருப்பார் அல்லவா, அது மாதிரி. யாருக்கு எவ்வளவு இடம், யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும், எல்லாம் அவர் கையில். கீபோர்டு, டிஸ்க், பிரிண்டர் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. இந்தக் கணக்குப்பிள்ளைக்கு வெளியூரோடு கடிதப் போக்குவரத்து நடத்தத் தெரிய வேண்டும். அதுதான் நெட்வொர்க் பகுதி. ஒரு நீண்ட கடிதத்தைப் பல போஸ்ட் கார்டுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் எண் போட்டு, வெவ்வேறு தபால் பையில் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் எண் வரிசைப்படி அடுக்க வேண்டும். நடுவில் 7ஆம் எண் வரவில்லை என்றால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். டி.சி.பி./ஐ.பி. என்று சொல்வது இதைத்தான். சொல்ல எளிது. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல், தன் 21ஆம் வயதில், இந்த உட்கருவை எழுத ஆரம்பித்தார். எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம் என்று விட்டார். 1992 மார்ச்சில் பதிப்பு எண்ணை 0.12இலிருந்து ஒரே தாவலாக 0.95 ஆக்கினார். 1.0 இதோ வந்துவிட்டது என்ற நினைப்பு. வந்ததோ 1994 மார்ச் 14இல். இடையில் இரண்டு வருஷத்தை விழுங்கியது பெரும்பாலும் நெட்வொர்க்தான். 0.99 என்ற எண்ணுக்குப் பிறகு போக இடமில்லாமல், அதற்குள்ளேயே 1, 2, 3 என்று துணை எண் போட்டு 15 வரை இழுத்தார்கள். நம் ஊரில் 12-ஏ, 12-பி என்று வீட்டு எண் நீளுமே, அதே கதை.

அந்த நேரம் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் எழுதிய நல்ல நெட்வொர்க் நிரல் ஒன்று தயாராகவே இருந்தது. ஆனால் 1992இல் ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் துணை நிறுவனம் அதன் மேல் உரிமை கேட்டு வழக்குப் போட்டது. 1994 தொடக்கத்தில்தான் சமரசம் ஆனது. வழக்கில் இருக்கிற நிலத்தில் யார் வீடு கட்டுவார்கள்? லினக்ஸ்காரர்கள் தாங்களே மண் வெட்டி அஸ்திவாரம் போட்டார்கள். முதலில் எழுதியவர் ராஸ் பைரோ. டபிள்யூ.டி.8003 என்ற ஒரே வகை ஈதர்நெட் கார்டுக்கு ஓட்டிக் காட்டினார். இதை நெட்-1 என்பார்கள். அவர் 1993 மே மாதம் ஒதுங்கிக்கொள்ள, பிரெட் வான் கெம்பன் என்பவர் பெரும் பகுதியைத் திருப்பி எழுதினார். அது நெட்-2. அந்தக் கோடையில் 0.99.10 உட்கருவோடு வெளியே வந்தது.

இந்தப் புதிய நெட்வொர்க்கைத் தன் கம்ப்யூட்டரில் போட ஒருவர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இன்றைய 'ஓகே' பொத்தானுக்கும் அதற்கும் உள்ள தூரம் புரியும்.

முதலில் உட்கருவின் மூல நிரலை முழுசாக இறக்க வேண்டும். அதை விரித்து வைத்தபின் ஒரு கட்டளை கொடுத்தால், வரிசையாகக் கேள்வி கேட்கும். நெட்வொர்க் வேண்டுமா, எந்த கார்டு, பிரிண்டர் கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்று நாமே பதில் சொல்ல வேண்டும். கார்டு எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது, எந்த எண்ணில் குரல் கொடுக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்காவிட்டால் மூல நிரலில் ஒரு கோப்பைத் திறந்து நாமே எழுதிவிட வேண்டும். பிறகு கம்பைல் செய்ய விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். 4 எம்.பி. நினைவகம் உள்ள 386 என்றால் சாப்பிட்டுத் தூங்கியே எழலாம்.

அதோடு முடியாது. உட்கரு மட்டும் புதுசானால் போதாது. கார்டுக்கு முகவரி கொடுக்கிற 'இஃப்கான்ஃபிக்', வழி சொல்லிக் கொடுக்கிற 'ரூட்' போன்ற சின்னக் கருவிகளும் அதே காலத்துப் பதிப்பாக இருக்க வேண்டும். புது மாப்பிள்ளையும் பழைய மாமியாரும் ஒத்துப்போகாவிட்டால் வீடு என்ன ஆகும், அதுதான் ஆகும். எல்லாம் சரியாகத் தெரியும், ஒரு போஸ்ட் கார்டு கூட வெளியே போகாது.

ஆனால், இங்கேதான் கவனிக்க வேண்டும், பழைய உட்கரு எங்கும் போய்விடாது. லைலோ என்று ஒரு சின்ன நிரல் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் நின்று கேட்கும்: எந்த உட்கருவில் கிளம்பலாம்? புதுசு மக்கர் செய்தால் அணைத்துப் போட்டு, பழசின் பெயரைத் தட்டினால் நேற்று இருந்த மாதிரியே எழுந்து நிற்கும்.

எங்கள் லேபுக்கு லினக்ஸ் வந்தது 1996இல், நெட்-2 போய் நெட்-3 ஆன பிறகு. அந்த வருஷம் 'பிசி குவெஸ்ட்' இதழ் லினக்ஸ் சி.டி. ஒன்றை இணைப்பாகக் கொடுத்தது. இந்தியாவில் நிறையப் பேருக்கு லினக்ஸ் கையில் கிடைத்தது அப்படித்தான். அதன் பின்னால் இருந்த பெங்களூர் அதுல் சிட்னிஸ் 2013இல் காலமாகிவிட்டார். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது என்றாலும், டெல்டா பக்கத்துக் கல்லூரிக்கு அது எட்டாக்கனி. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு கணக்கு இருந்தது. அதில் எழுத்து மட்டும்தான் தெரியும். அதற்கும் சென்னைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும் என்றால் யார் போடுவார்கள்?

ஆகவே எங்கள் நெட்வொர்க் ஒரு ஹாலுக்குள் முடிந்தது. எட்டு கம்ப்யூட்டர், கருப்புக் கோஆக்சியல் கேபிள், ஒவ்வொன்றின் முதுகிலும் 'டி' வடிவ இணைப்பான், இரண்டு முனையிலும் 50 ஓம் மூடி. ஒரு பையன் நாற்காலியை இழுக்கும்போது மூடி கழன்றால் எட்டும் படுத்துவிடும். கார்டுகள் எல்லாம் என்.ஈ.2000 மாதிரியில் செய்த மலிவுச் சரக்கு. கூட இருந்த உதவியாளர் கெட்டிக்காரர். புதிய உட்கரு போடும்போதெல்லாம் முந்தையதற்கு லைலோவில் 'பழசு' என்று பெயர் வைப்பார், ஆங்கில எழுத்தில்தான். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் ஒரு மணி நேரக் கம்பைல் இரண்டு முறை பாதியில் நின்றிருக்கிறது. ஒருநாளும் மாணவர் வகுப்பு நின்றதில்லை. 'பழசு' இருந்ததே காரணம்.

இனி 1993இல் நடந்த சச்சரவுக்கு வருகிறேன். நான் சொல்ல வருவதற்கு அதுதான் ஆணிவேர்.

வான் கெம்பன் பெரிய கனவுக்காரர். எதிர்காலத்தில் வரப்போகிற பல வகை நெட்வொர்க்குகளையும் அடுக்கடுக்காக ஏற்றக்கூடிய அமைப்பாக எழுத நினைத்தார். தப்பே இல்லை. ஆனால் அதற்கு நாள் பிடித்தது. இதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் நெட்-2ஐப் போட்டுவிட்டு, அது விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் ஆலன் காக்ஸ் என்று ஒருவர். அங்கே மாணவர் கம்ப்யூட்டர் சங்கத்து மெஷின் ஒன்றில் லினக்ஸ் போட்டார். ஓயாமல் போக்குவரத்து இருந்த நெட்வொர்க் அது. சந்தை நாளில் பாலத்தின் பலம் தெரிகிற மாதிரி, நிரலின் ஓட்டை உடைசல் எல்லாம் அங்கே வெளியே வந்தன. அவர் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. இன்று விழுந்த இடத்தை இன்று அடைத்தார், நாளை விழுவதை நாளை அடைத்தார். அதற்கு 'பிழை நீக்கிய நெட்-2' என்றே பெயர். டோர்வால்ட்ஸ் யோசித்து, ஆலன் காக்ஸ் பக்கம் நின்றார். 1.0 வந்தபின் அதற்கு நெட்-3 என்று பெயர் ஆனது.

வான் கெம்பனுக்கு இது வலித்திருக்கும். மாதக் கணக்கில் உழைத்தவர். ஆனாலும் டோர்வால்ட்ஸ் முடிவு சரி என்பதே என் எண்ணம். ஏன் என்று காரைக்கால்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேரளம் - காரைக்கால் ரயிலை எண்ணிப் பாருங்கள். மீட்டர் கேஜ் பாதையை 1980களில் மூடினார்கள். அகலப் பாதை வரும் வரும் என்று காத்திருந்ததில் ஒரு தலைமுறை ரயிலையே பார்க்காமல் வளர்ந்து, கல்யாணமாகி, அதன் பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் புதிய தண்டவாளம் கண்ணில் பட்டது. நல்ல பாதைதான், நான் குறை சொல்லவில்லை. நடுவில் போன வருஷங்களுக்கு யார் பதில் சொல்வது? ஓடுகிற ரயிலை நிறுத்திவிட்டு நல்ல ரயில் விடுகிறேன் என்பவரிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

இங்கே ஓ.என்.ஜி.சி.யில் இருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர்கள் சிலர் இதைப் படிப்பார்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "ஒட்டுப் போட்டே ஓட்டினால் ஒருநாள் ஒட்டு மட்டும்தான் மிஞ்சும்." நியாயம்தான். நெட்-3இலும் அப்படிச் சில மூலைகள் இருந்தன. அதனால்தான் 1999 ஜனவரியில் வந்த 2.2 உட்கருவில் நெட்-4 என்று மறுபடி பெரிய மாற்றம் செய்தார்கள். ஆனால் எப்படிச் செய்தார்கள்? 2.0 போட்டிருந்தவர் அதிலேயே இருக்கலாம். 2.2 பிடித்தவர் மாறலாம். மாறியவருக்கு ஒத்துவராவிட்டால் திரும்பலாம். கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தது. சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் 2004இல் 144 லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பின்னிக் 'கப்ரு' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கட்டினார்களே, அதெல்லாம் இப்படி ஒட்டியும் பிரித்தும் வளர்ந்த உட்கருவின் மேல்தான்.

அந்தக் காலத்துப் புதிய உட்கரு, பழைய கருவி சண்டையிலிருந்து லினக்ஸ்காரர்கள் ஒரு பழக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உட்கருவுக்குள் என்ன வேண்டுமானாலும் மாற்று, மேலே ஓடுகிற புரோகிராமை உடைக்காதே. இதை மீறுகிறவர்களை டோர்வால்ட்ஸ் திட்டுகிற திட்டு உலகப் பிரசித்தம். 'இஃப்கான்ஃபிக்' கட்டளைக்குப் பதிலாக 'ஐபி' என்று புதுக் கட்டளை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைய லினக்ஸிலும் பழைய 'இஃப்கான்ஃபிக்' வேலை செய்கிறது. அதன் கையேட்டைத் திறந்தால் எழுதியவர் பெயர் இருக்கும்: பிரெட் வான் கெம்பன். அவர் திட்டத்தை ஒதுக்கினார்கள், பெயரை ஒதுக்கவில்லை.

இப்போது நம் போனுக்கு வாருங்கள். அதே லினக்ஸ்தான் உள்ளே. ஆனால் 'பழசு' எங்கே? ராத்திரி சார்ஜில் போட்டுத் தூங்கி எழுந்தால் திரை மாறியிருக்கிறது. பேங்க் செயலியில் நேற்று வலது பக்கம் இருந்த பொத்தான் இன்று இல்லை. எழுபத்தைந்து வயதில், மூன்று மாதம் மகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கையை மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும். திரும்பிப் போக வழி கிடையாது. என்ன மாறியது என்று கேட்டால் 'பிழைகள் திருத்தப்பட்டன' என்று ஒரு வரி. எந்தப் பிழை, யாருக்கு? ஆலன் காக்ஸ் ஒவ்வொரு ஓட்டையையும் ஊரறியச் சொல்லி அடைத்தார்.

இன்னொரு பக்கம், போன் நன்றாகவே ஓடும், இனி உனக்கு அப்டேட் கிடையாது என்று கம்பெனி கை கழுவிவிடும். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற வசதி பல பழைய கம்ப்யூட்டர்களில் இல்லை. குறையொன்றும் இல்லாத பெட்டி, ஒரு தேதியில் பழைய இரும்பு ஆகிறது. (அவற்றில் லினக்ஸ் போட்டுத் தரலாம். இந்தத் தெருவிலேயே மூன்றுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.)

அப்படியானால் அப்டேட்டே போடாத நண்பர் செய்வது சரியா? இல்லை. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்று ஒரு வைரஸ் உலகத்தையே ஆட்டியது. விண்டோஸின் நெட்வொர்க் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஆந்திரப் போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டின, கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகங்கள் மாட்டின. நெட்வொர்க் என்பது தெருவைப் பார்த்த கதவு. தாழ்ப்பாள் கெட்டுப்போனால் அன்றே மாற்ற வேண்டும். நான் கேட்பதெல்லாம், தாழ்ப்பாள் மாற்ற வந்தவர் ஏன் அடுப்படியையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிறார் என்பதுதான். பாதுகாப்புத் திருத்தம் தனி, அலங்கார மாற்றம் தனி என்று பிரித்துக் கொடுக்கட்டும். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். இரண்டாவதை வேண்டுமென்றால் போட்டுக்கொள்கிறோம். பிடிக்காவிட்டால் 'பழசு' என்று தட்டினால் திரும்ப வேண்டும். இது முடியாத காரியம் என்று எந்தக் கம்பெனியும் எனக்குச் சொல்ல வேண்டாம். 386இல் முடிந்தது.

இதில் அரசாங்கங்களுக்கும் பங்கு உண்டு. வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்தே வந்தன. நல்ல எண்ணம். நாகூர் பக்கத்து உறவுப் பிள்ளைகள் நாலைந்து பேரின் லேப்டாப்பைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸ் பக்கத்தை ஒருவரும் திறந்ததாகத் தெரியவில்லை. அதற்கு அப்டேட் எப்படிப் போடுவது என்று பள்ளியில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சைக்கிள் கொடுத்தார்கள், பஞ்சர் ஒட்டச் சொல்லித்தர ஆளில்லை.

கடைசியாக, இதைப் படிக்கிற பென்ஷன்காரர்களுக்கு ஒரு செய்தி. நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். (சொல்தா பென்ஷன் வாங்குகிற வீடுகளுக்கு வேறு தாள், வேறு தொல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.) ஜீவன் பிரமாணுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்கிறார்கள், உண்மைதான், ஆனால் அந்தச் செயலி மிகப் பழைய போனில் இறங்காது. அதற்காகப் பதினைந்தாயிரம் கொடுத்துப் புது போன் வாங்க ஓடாதீர்கள். தபால்காரரிடம் சொல்லி வைத்தால் வீட்டுக்கே கருவியோடு வந்து கைரேகை எடுத்துக்கொண்டு போவார். கட்டணம் 70 ரூபாய். ஆதார் எண், பென்ஷன் உத்தரவு எண், பேங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்து வையுங்கள்.